துறவி படம் போட்ட பாட்டிலும் துறவி மடத்துப் பீரும்

பெல்ஜியத்தில் எந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் பீர் அடுக்கில் துறவிகளைப் பார்க்கலாம். கன்னம் சிவந்து, தொப்பை சரிந்து, கையில் கிண்ணத்தோடு சிரிக்கும் துறவி ஒரு லேபிளில் இருப்பார். இன்னொன்றில் பழைய கோபுரமும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும் இருக்கும். மூன்றாவது பாட்டிலில் அப்படி எதுவும் இருக்காது. ஓரத்தில் சின்னதாக ஓர் அறுகோண முத்திரை மட்டும் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் முதல் இரண்டைத்தான் எடுப்பார்கள். துறவிகள் வாழும் மதிலுக்குள் தயாரானது அந்த மூன்றாவது பாட்டில்.

இந்த வித்தியாசம் தெரியாமல் மடத்துப் பீர் குடிக்கக் கிளம்பினால், பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்துவிட்டு ஒரு பெரிய கம்பெனியின் காட்சிக்கூடத்தில் போய் நிற்க நேரும். அதனால் ருசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த விஷயத்தை அடியிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

துறவிக்கு மதுவா?

நம் ஊரில் யாரிடம் இதைச் சொன்னாலும் முதல் கேள்வி இதுதான். துறவு என்றாலே மதுவை விட்டுவிடுவது என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். ஐரோப்பியக் கிறிஸ்தவத் துறவில் கணக்கு வேறு. மேற்கத்தியத் துறவு மடங்கள் பெரும்பாலானவை 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குகளைப் பின்பற்றுகின்றன. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை ஆசீர்வாதப்பர் என்பார்கள். அந்த ஒழுங்குகளில் 40-ஆவது பகுதி குடியைப் பற்றியது. மது துறவிகளுக்கு உரியதே அல்ல என்று படித்திருக்கிறோம், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைக்க முடியாது, அதனால் மிதமாகக் குடிப்பதற்காவது உடன்படுவோம் என்ற பொருளில் எழுதி, ஒரு நாளைக்கு இவ்வளவு திராட்சை மது போதும் என்று அளவும் சொல்கிறார். மனிதனின் பலவீனம் தெரிந்தவர் எழுதிய விதி அது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததே அந்தப் பகுதியைப் படித்த பிறகுதான்.

திராட்சை விளையாத வடக்குப் பகுதிகளில் அந்த மதுவின் இடத்தைப் பீர் பிடித்தது. பார்லி அங்கே நன்றாக விளையும். சாப்பாட்டோடு குடிப்பதற்கு வலுக் குறைந்த பீர்தான் வைத்திருந்தார்கள். தவக்காலத்தில் திட உணவைக் குறைத்த நாட்களில் பீரே பாதி ஆகாரம். மியூனிக் நகரத்தில் பாவ்லானர் துறவிகள் தவக்காலத்துக்காகத் தயாரித்த கெட்டியான பீரிலிருந்துதான் 'டாப்பல்பாக்' என்ற வகை வந்தது.

அதே ஒழுங்குகளில் 48-ஆவது பகுதி கைவேலையைப் பற்றிச் சொல்கிறது. தங்கள் கைகளின் உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் உண்மையான துறவிகள் என்கிறார் பெனடிக்ட். மடத்துப் பீருக்கு வேர் இந்த வரிதான். காணிக்கையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, உழைத்துச் சாப்பிட வேண்டும். எந்த உழைப்பு என்பதை நிலமும் ஊரும் முடிவு செய்யும். ஒரு மடத்தில் சீஸ், இன்னொன்றில் ரொட்டி, வேறொன்றில் மெழுகுவத்தி, சிலவற்றில் பீர். 57-ஆவது பகுதி இன்னும் அழகு: மடத்துப் பொருளை விற்கும்போது பேராசை புகுந்துவிடக் கூடாது, வெளியில் விற்கும் விலையை விடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட்ஃப்ளெட்டரன் என்ற பெல்ஜிய மடத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ட்ராப்பிஸ்ட் என்றால் யார்?

பீர் உலகில் 'ட்ராப்பிஸ்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். அது ருசியின் பெயரும் இல்லை, வகையின் பெயரும் இல்லை. ஒரு துறவு சபையின் பெயர். பெனடிக்டின் ஒழுங்குகளைக் கறாராகப் பின்பற்ற வேண்டும் என்று 1098-ல் பிரான்சின் சீத்தோ என்ற இடத்தில் சிலர் தனியாகப் பிரிந்தார்கள். அவர்கள் சிஸ்டர்சியன் துறவிகள். நாளடைவில் அங்கேயும் ஒழுங்கு தளர்ந்தது. 1664-ல் நார்மண்டியில் இருக்கும் லா ட்ராப் மடத்தின் தலைவர் தெ ரான்ஸே மறுபடியும் கயிற்றை இறுக்கினார். அந்த மடத்தின் பெயரால் வந்தவர்களே ட்ராப்பிஸ்டுகள். பேசவே மாட்டோம் என்று அவர்கள் சபதம் எடுப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சபதம் கிடையாது. வீண் பேச்சைத் தவிர்ப்பார்கள், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் மடங்கள் மூடப்பட்டன. துறவிகள் சிதறினார்கள். கனடாவுக்குக் கப்பலேறலாம் என்று புறப்பட்ட ஒரு சிறு கூட்டம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் பக்கத்திலேயே தங்கிவிட்டது. 1794-ல் அப்படி உருவானதுதான் வெஸ்ட்மால் மடம். 1831-ல் பிரான்சின் எல்லையைத் தாண்டி வந்தவர்கள் வெஸ்ட்ஃப்ளெட்டரனில் புனித சிக்ஸ்டஸ் மடத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து போனவர்கள் 1850-ல் ஷிமே அருகே ஸ்கூர்மோன் மடத்தை எழுப்பினார்கள். வெஸ்ட்மாலிலிருந்து ஆஹெல், ஆஹெலிலிருந்து 1887-ல் ரோஷ்ஃபோர். ஆலமரம் விழுது விட்டுப் பரவுவது மாதிரி. இன்றைக்கும் வெஸ்ட்ஃப்ளெட்டரன் பீர் புளிப்பது வெஸ்ட்மாலிலிருந்து எடுத்து வரும் ஈஸ்ட்டில்தான். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கி வருவதைப் போல.

அந்த விழுதுகளில் ஒன்று நம் பக்கமும் இறங்கியிருக்கிறது. ஷிமே பீர் தயாராகும் அதே ஸ்கூர்மோன் மடத்தைச் சேர்ந்த பெல்ஜியத் துறவி ஒருவர் 1955-ல் இந்தியாவுக்கு வந்தார். பிரான்சிஸ் ஆச்சார்யா என்று பின்னால் அறியப்பட்டவர் அவர். 1958-ல் கேரளத்தின் வாகமண் மலையில் குரிசுமலை ஆசிரமத்தை நிறுவினார். அவரோடு சேர்ந்து தொடங்கிய ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ்தான் 1968-ல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்துக்கு வந்து பொறுப்பேற்றவர். குரிசுமலை 1998-ல் முறைப்படி ட்ராப்பிஸ்ட் சபையில் சேர்ந்தது. அங்கே பீர் கிடையாது. துறவிகள் மாடு வளர்த்துப் பால் விற்கிறார்கள். மலைப்புல்வெளியில் மாடுதான் பொருத்தம், பெல்ஜியத்தில் பார்லி பொருத்தம். பீர் எப்படி மடத்துக்குள் வந்தது என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பாலைக் காட்டித்தான் விளக்குவேன்.

அறுகோணம் எதற்கு?

ட்ராப்பிஸ்ட் பீருக்குப் பேர் வந்ததும் ஊரில் எல்லோரும் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். துறவிகள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1962-ல் கெண்ட் நகர வணிக நீதிமன்றம், ட்ராப்பிஸ்ட் துறவிகளோடு தொடர்பு இல்லாதவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1997-ல் மடங்கள் ஒன்றுகூடி ஒரு சர்வதேச சங்கம் அமைத்தன. அதன் அடையாளம் அந்த அறுகோண முத்திரை. அதற்கு மூன்று நிபந்தனைகள். பொருள் மடத்தின் மதிலுக்குள்ளோ அதை ஒட்டியோ தயாராக வேண்டும். துறவிகளே தயாரிக்க வேண்டும், அல்லது அவர்களுடைய மேற்பார்வையில் தயாராக வேண்டும். வருமானம் மடத்தின் தேவைக்கும் மற்ற மடங்களுக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும், யாருடைய சட்டைப் பையையும் நிரப்பக் கூடாது.

மூன்றிலும் ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் செய்தது, எங்கே செய்தது, காசு எங்கே போகிறது என்பதை மட்டும் அந்த முத்திரை சொல்கிறது.

அப்படியென்றால் 'மடத்துப் பீர்', 'அபே பீர்' என்று விற்பவை? அவை இன்னொரு வகுப்பு. லெஃப் என்ற புகழ்பெற்ற பீரை எடுத்துக்கொள்வோம். தினாந்த் ஊர் அருகே லெஃப் மடம் இருக்கிறது, துறவிகளும் இருக்கிறார்கள். பீர் அங்கே தயாராவதில்லை. லூவென் நகரத்தில் மாபெரும் பீர் நிறுவனத்தின் ஆலையில் தயாராகிறது. பெயரைப் பயன்படுத்துவதற்கு மடத்துக்குப் பங்குத் தொகை போகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, மடத்துக்கும் வருமானம்தான். ஆனால் மடத்துக்குப் போய்ப் பீர் தயாராகும் இடத்தின் அருகில் உட்கார்ந்து குடிக்க ஆசைப்படுகிறவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும். மடமே இல்லாமல், பழைய சின்னமும் பெயரும் மட்டும் தாங்கிய பீர்களும் நிறைய இருக்கின்றன.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவு எப்படி லேசாக இனிக்கும் என்று நமக்குத் தெரியும். பார்லிக்கும் அதையே செய்தால் கிடைப்பது மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வடிகட்டிய இனிப்பு நீரில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்காய்களைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கசப்பும் வாசனையும் கெடாமல் காக்கும் குணமும் ஹாப்ஸிலிருந்து வருகின்றன. ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்தால் புளித்துப் பீராகும். சாராயத்தைப் போல ஆவியாக்கி வடிப்பது இதில் இல்லை.

பெல்ஜிய மடங்களின் ஈஸ்ட் சற்று வெதுவெதுப்பான சூட்டில் வேலை செய்யும் ரகம். வாழைப்பழம், கிராம்பு, மிளகு போன்ற வாசனைகள் இந்த ஈஸ்ட்டிலிருந்து வருகின்றன. உள்ளே பழமோ கிராம்போ போட்டிருப்பதில்லை. வலுவான பீர்களில் கற்கண்டு வகைச் சர்க்கரையையும் சேர்ப்பார்கள். அதனால் பீர் இனிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை முழுதாகத் தின்றுவிடும். போதை ஏறும், பீர் நாக்கில் கனக்காது. பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் மறுபடி சேர்க்கிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் மெல்லப் புளித்து நுரை உருவாகிறது. அடியில் வண்டல் தங்குவது இதனால்தான்.

பட்டியலில் டூபெல், ட்ரிபெல், குவாட்ருபெல் என்று பெயர்களைப் பார்ப்பீர்கள். இரட்டை, மூன்று, நான்கு என்று பொருள் தந்தாலும் கணக்குப் போட்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று எடுக்கக் கூடாது. வலு ஏறும் வரிசை என்று வைத்துக்கொண்டால் போதும். வெஸ்ட்மால் டூபெல் 7 சதவீதம் ஆல்கஹால் கொண்டது. செம்பழுப்பு நிறம், உலர்ந்த திராட்சையும் வறுத்த ரொட்டியும் நினைவுக்கு வரும். அதே மடம் 1934-ல் வெளியிட்ட ட்ரிபெல் பொன்னிறம், 9.5 சதவீதம். இன்று உலகம் முழுக்க ட்ரிபெல் என்று எவர் தயாரித்தாலும் மனதில் அளவுகோலாக வைத்திருப்பது இதைத்தான். குவாட்ருபெல் என்ற பெயர் 1991-ல் நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடத்தில், லா ட்ராப் என்ற பெயரில் பீர் விற்பவர்களிடம், பிறந்தது.

இவ்வளவு வலுவான பீர் எதற்கு என்றால், அதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1919-ல் பெல்ஜியம் கஃபேக்களில் ஜின் போன்ற கடும் மதுக்களை விற்பதைத் தடை செய்தது. வலுவான பானத்துக்குப் பழகியவர்கள் வலுவான பீரைத் தேடினார்கள். துறவிகள் சாப்பாட்டு மேசையில் குடிப்பது இந்த 9, 10 சதவீதப் பீர் இல்லை. அவர்களுக்கென்று தயாராவது வலுக் குறைந்தது. வெஸ்ட்மாலின் 'எக்ஸ்ட்ரா' அந்த வகை. மடத்துக் கஃபேயில் எக்ஸ்ட்ரா கிடைத்தால் முதலில் அதைக் குடித்துப் பாருங்கள் என்பது என் யோசனை. புகழ் இல்லாத அந்தப் பீர்தான் மடத்தின் அன்றாட வாழ்க்கைக்கு அருகில் இருக்கிறது.

எங்கே போவது?

முதல் ஏமாற்றத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ட்ராப்பிஸ்ட் மடங்கள் பெரும்பாலானவற்றில் பீர் தயாராகும் இடத்துக்குள் பார்வையாளரை விடுவதில்லை. அது அவர்கள் வாழும் வீடு. அதிகாலை இருட்டில் எழுந்து, நாளெல்லாம் பல வேளை கோவிலில் கூடித் திருப்பாடல்களைப் பாடுகிற மனிதர்களின் வீடு. நமக்குத் திறந்திருப்பது பொதுவாக மடத்துக் கோவிலும், வாசலுக்கு எதிரே இருக்கும் கஃபேயும், கடையும்.

முதன்முறை போகிறவருக்கு நான் சொல்வது ஓர்வால். பெல்ஜியத்தின் தென்கோடியில், காட்டுக்குள், பிரான்சின் எல்லையை ஒட்டி இருக்கிறது. 1132-ல் சிஸ்டர்சியன் துறவிகள் அங்கே வந்தார்கள். 1793-ல் புரட்சிப் படை மடத்தை எரித்தது. 1926-க்குப் பிறகு பழைய இடிபாடுகளின் பக்கத்திலேயே புது மடம் எழுந்தது. கட்டடச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதற்காக 1931-ல் பீர் ஆலை தொடங்கப்பட்டது. புது மடத்தை வரைந்த கட்டடக் கலைஞர் ஆன்றி வேஸ்தான் பீரின் கிண்ணத்தையும் வடிவமைத்தார்.

டிக்கெட் வாங்கி இடிபாடுகளுக்குள் நடக்கலாம். கூரை இல்லாத தூண்கள், மூலிகைத் தோட்டம், நடுவில் ஒரு ஊற்று. அந்த ஊற்றுக்குக் கதை உண்டு. டஸ்கனியின் கோமாட்டி மெட்டில்டா கை நனைத்தபோது அவளுடைய திருமண மோதிரம் நீரில் விழுந்துவிட்டதாம். அவள் வேண்டிக்கொண்டதும் ஒரு ட்ரவுட் மீன் மோதிரத்தை வாயில் கவ்விக்கொண்டு மேலே வந்ததாம். 'இது பொன் பள்ளத்தாக்கு' என்று அவள் வியந்ததால் ஊருக்கு ஓர்வால் என்று பெயர் வந்தது என்கிறார்கள். நமக்கு இதைக் கேட்டதும் சகுந்தலையின் மோதிரம் ஞாபகம் வரும். பாட்டில் லேபிளில் மோதிரத்தோடு இருக்கும் மீன் இந்தக் கதையின் மீன்தான்.

ஓர்வால் கடைகளுக்கு அனுப்பும் பீர் ஒன்றே ஒன்றுதான், 6.2 சதவீதம். அந்த ஒன்றையே புதிதாக ஒரு முறை, பழசாக ஒரு முறை குடிக்க வேண்டும். புளித்து முடிந்த பீரில் மறுபடி ஹாப்ஸ் ஊறவைக்கிறார்கள். பிறகு பாட்டிலுக்குள் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் தன் வேலையைத் தொடர்கிறது. புதிய பாட்டிலில் பூவாசமும் கசப்பும் முன்னால் நிற்கும். ஆறு மாதம், ஒரு வருடம் போன பிறகு கசப்பு அடங்கி, பழைய தோல், நனைந்த வைக்கோல் போன்ற ஒரு மணம் எழும். கேட்பதற்கு நன்றாக இல்லை, தெரியும். குடித்தால் விட மனம் வராது. மடத்தின் அருகே 'ஆ லாஞ்ச் கார்தியன்' என்ற கஃபேயில் இளசு, பழசு என்று கேட்டே வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். பீர் என்பது உயிருள்ள பொருள் என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது. கூடவே மடத்துச் சீஸ் ஒரு தட்டு.

வெஸ்ட்ஃப்ளெட்டரன் கதை வேறு. ஃப்ளாண்டர்ஸின் மேற்கே, வயல்களுக்கு நடுவில் ஒரு அமைதியான மடம். நீண்ட காலம் பாட்டிலில் லேபிளே இருந்ததில்லை. மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் அடையாளம்: பச்சை என்றால் 'ப்ளாண்ட்', நீலம் என்றால் '8', மஞ்சள் என்றால் '12'. 2005-ல் ஒரு பீர் மதிப்பீட்டு இணையதளம் இந்த 12-ஐ உலகின் முதல் பீர் என்று அறிவித்ததும் கார்கள் மைல் கணக்கில் வரிசை கட்டின. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அடுத்த வருடமே ஆலையைப் பெரிதாக்கியிருக்கும். துறவிகள் உற்பத்தியை ஏற்றவில்லை. ஆண்டுக்குச் சுமார் 6,000 ஹெக்டோலிட்டர், அதாவது 6 லட்சம் லிட்டர், அதோடு சரி. துறவியாக வாழத் தேவையான அளவுக்கே பீர் என்பது அவர்கள் கணக்கு. 2012 வாக்கில் மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும், செங்கல் மாதிரி அச்சிட்ட பெட்டிகளில் வைத்து வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். செலவுக்குச் சேர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

வாங்கும் முறையும் அவர்களுடையதே. முன்பு தொலைபேசியில் கூப்பிட்டு, கார் நம்பரைச் சொல்லி, நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். 2019-லிருந்து இணையத்தில் பதிவு. மறுவிற்பனை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. 2018-ல் ஒரு டச்சு சூப்பர் மார்க்கெட் எப்படியோ சேர்த்து வாங்கி, பாட்டில் சுமார் 10 யூரோவுக்கு விற்றது. மடத்து விலையை விடப் பல மடங்கு அது. துறவிகள் வருந்தினார்கள். வெளியாரை விடக் குறைத்து விற்க வேண்டும் என்ற 57-ஆவது பகுதியைப் படித்தவருக்கு அந்த வருத்தம் புரியும். கார் இல்லாதவர், பதிவு கிடைக்காதவர் மனம் தளர வேண்டாம். மடத்துக்கு எதிரே 'இன் டெ ஃப்ரேடெ' என்ற கஃபேயில் மூன்று பீரும் கிடைக்கும். பக்கத்து ஊரான போப்பரிங்கே வரை ரயில் உண்டு. அது ஹாப்ஸ் விளையும் ஊர், ஹாப்ஸுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு அங்கிருந்து வயல் வழியாக மடத்துக்குப் போவது நல்ல அரைநாள்.

வெஸ்ட்மால் மடமும் ஆலையும் திறப்பதில்லை, எதிரே பெரிய கஃபே இருக்கிறது, ஆன்ட்வெர்ப்பிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஷிமேயில் மடத்துக் கோவிலும் தோட்டமும் பார்க்கலாம், சற்றுத் தள்ளி பீரும் சீஸும் எப்படித் தயாராகின்றன என்று விளக்கும் ஒரு கூடம் இருக்கிறது. ரோஷ்ஃபோரில் ஆலைக்குள் அனுமதி இல்லை. அவர்களுடைய 11.3 சதவீத '10' பீரை ஊரில் எந்தக் கஃபேயிலும் குடிக்கலாம்.

ஆலைக்குள் போய்க் கொப்பரைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நெதர்லாந்தில் டில்பர்க் அருகே இருக்கும் கோனிங்ஸ்ஹூவன். அங்கே முறையான சுற்றுப் பயணம் உண்டு, முடிவில் ருசி பார்க்கும் கூடமும் உண்டு. ஒரு பெரிய பீர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதால் 1999-ல் அறுகோணத்தை இழந்து, துறவிகளின் பங்கை அதிகமாக்கி 2005-ல் திரும்பப் பெற்ற மடம் அது.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் கதை தனி. 1803-ல் அரசு அங்கே மடங்களின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. 1040-லிருந்து பீர் காய்ச்சியதாகச் சொல்லும் வைஹன்ஸ்டெஃபன் இன்று பவேரிய அரசின் ஆலை, மடம் இல்லை. பாவ்லானர், அகஸ்டினர், ஃப்ரான்சிஸ்கானர் எல்லாம் துறவிகளின் பெயரைத் தாங்கிய கம்பெனிகள். துறவிகளே நடத்தும் ஆலை வேண்டும் என்றால் ஆண்டெக்ஸ். மியூனிக்கிலிருந்து எஸ்8 ரயிலில் ஹெர்ஷிங் வரை போய், ஏரிக்கரையிலிருந்து காட்டு வழியாக மலை ஏறலாம், பஸ்ஸும் உண்டு. 1455-லிருந்து பெனடிக்டின் துறவிகள் இருக்கும் இடம். ஊர் அதைப் புனித மலை என்கிறது. யாத்திரை வந்து களைத்தவர்களுக்கு உணவும் பீரும் கொடுத்த வழக்கம்தான் இன்றைய பெரிய உணவுக்கூடம். ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்னால் கோவிலுக்குள் போய்விட்டு வந்து, பிறகு இருண்ட டாப்பல்பாக்கை வாங்குங்கள். வெல்டன்பர்க் மடம் இன்னும் பழையது, 1050-லிருந்து பீர் தயாராகிறது என்பது அவர்கள் கணக்கு. கெல்ஹைமிலிருந்து டான்யூப் நதியில், செங்குத்தான பாறைகளுக்கு இடையே படகில் போக வேண்டும். அந்தப் படகுப் பயணத்துக்காகவே போகலாம்.

போகிறவர் கவனிக்க

வலுவை மறந்துவிட வேண்டாம். 10 சதவீதம் என்பது நம் ஊர் 'ஸ்ட்ராங்' பீரையே தாண்டும். 330 மில்லி பாட்டில் ஒன்றை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கலாம், அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு மடம் போதும். பெல்ஜியத்தில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் உச்ச வரம்பு. கார் ஓட்டுகிறவர் குடிக்காமல், தன் பங்கைப் பாட்டிலாக வாங்கிக்கொள்வது நல்லது. கஃபேக்கள் வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம். கிளம்பும் முன் அவரவர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் சீக்கிரம் போங்கள். ஆஹெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால் 2021-ல் அதன் பீர் அறுகோணத்தை இழந்தது. அமெரிக்காவின் ஸ்பென்சர் மடம் 2022-ல் காய்ச்சுவதை நிறுத்தியது. ஆஸ்திரியாவின் எங்கெல்ட்செல் மடம் 2023-ல் மூடப்பட்டது. பீர் விற்காமல் போனதை விட, துறவுக்கு இளைஞர்கள் வராததுதான் பெரிய குறை. காசு கொடுத்து ஆலை வாங்கலாம், துறவியை வாங்க முடியாது. எனக்கு இது உண்மையாகவே வருத்தமான விஷயம்.

மாலைச் செபத்துக்கு முன்னால் போய்ச் சேர்வது நல்லது. மடத்துக் கோவில் திறந்திருந்தால் யாரும் போகலாம், மதம் கேட்க மாட்டார்கள். போனை அணைத்துவிட்டுப் பின் வரிசையில் உட்காருங்கள், படம் எடுக்க வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கஃபேக்கு அப்புறம் போகலாம்.

ஊற்றும் முறை: பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டல் அடங்க விடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வாசனை எழாது. 10, 12 டிகிரி சூடு வரட்டும். அகன்ற வாய்க் கிண்ணத்தைச் சாய்த்து ஒரே சீராக ஊற்றி, அடியில் ஒரு விரல்கடை அளவு பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அந்தக் கலங்கலைச் சின்னக் கண்ணாடியில் தனியாகக் குடிக்கிறவர்களும் உண்டு, ஈஸ்ட்டின் ருசி அதில் தெரியும். வெஸ்ட்ஃப்ளெட்டரனில் பெட்டியோடு வாங்கியிருந்தால், 24 பாட்டில் அடங்கிய அந்த மரப்பெட்டிக்கும் காலிப் பாட்டில்களுக்கும் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். கழுவி, மறுபடி நிரப்பி, இன்னொருவருக்குக் கொடுப்பார்கள்.